அளவையும் கணக்கும்: கெய்ரா பால் சங்கங்கள் தரும் பாடம்

ஏழை நாடுகளின் கிராமங்கள் அபிவிருத்தி அடைய அரசாங்கப் பணம் மட்டும் போதாது, ஊர் மக்களே கூடி நடத்தும் ஸ்தாபனமும் வேண்டும் என்று பேசாத மேடை இல்லை. ஆனால் அந்த ஸ்தாபனம் தினந்தோறும் என்ன செய்தால் ஊர் பிழைக்கும் என்பதை விளக்குவோர் சிலரே. குஜராத்தின் கெய்ரா ஜில்லாவை எடுத்துக்கொண்டு இதனைப் பார்ப்போம்.

1946க்கு முன் அந்த ஜில்லாவின் பால், ஆனந்திலிருந்த ஒரு தனியார் பண்ணை வழியாகப் பம்பாய்க்குச் சென்றது. கறந்த பாலை வைத்திருந்து விலை பேச முடியாது. ஆகவே தரகர் சொன்னதே விலையாயிற்று. சர்தார் வல்லபாய் படேலின் யோசனைப்படி உழவர்கள் கூடி, தனியாருக்குப் பால் ஊற்றுவதில்லை எனத் தீர்மானித்தனர். பதினைந்து நாட்கள் அவர்களுடைய பால் வெளியே போகவில்லை. அரசாங்கம் இணங்கிற்று. 1946 டிசம்பர் 14ஆம் தேதி ஜில்லா யூனியன் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் படேல் தலைவரானார். ஒரு சில கிராமங்களுடன் தொடங்கிய அந்த யூனியனில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமச் சங்கங்கள் உள்ளன.

வேலைநிறுத்தத்தால் சங்கம் பிறந்தது மெய்யே. ஆனால் அதனை நிலைநிறுத்தியது அளவைதான் என்பது நம் கருத்து. காலையும் மாலையும் அங்கத்தினர் வரிசையில் நின்று பாலை ஊற்றுவர். ஒவ்வொருவர் பாலும் அவர் கண்ணெதிரே அளக்கப்படும், அதிலிருந்து சிறிது எடுத்துக் கொழுப்பின் அளவு சோதிக்கப்படும், அதன்படியே விலை. தொடக்க காலத்தில் காலைப் பாலுக்கு மாலையிலும், மாலைப் பாலுக்கு மறுநாட் காலையிலும் ரொக்கம் கிடைத்தது. இப்பொழுது பெரும்பாலும் வங்கிக் கணக்கில் சேர்கிறது. ஆண்டு முடிவில் மிச்சத்தில் ஒரு பகுதி, ஊற்றிய பாலுக்கேற்ப மீண்டும் உறுப்பினருக்கே வரும். தண்ணீர் கலந்தவரும் கலக்காதவரும் ஒரே விலை பெற்ற காலம் அதனால் போயிற்று.

நெசவாளர் அன்பர்கள் இதனை நினைத்துப் பார்க்க வேண்டும். துணியை உள்ளறையில் அளந்து, பிடித்தத்தின் காரணம் சொல்லாமல் கூலி கொடுத்த ஒரு சங்கத்தை நாம் தணிக்கையில் கண்டோம். உறுப்பினர்களின் கணக்குப் புத்தகங்கள் காரியதரிசியின் பெட்டியில் பூட்டியிருந்தன! நல்ல துணி வெளி வியாபாரிக்கும் மட்டத் துணி சங்கத்துக்கும் போய்க்கொண்டிருந்ததில் வியப்பென்ன?

மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. குளிர்காலத்தில் எருமைகள் மிகுதியாகக் கறக்கும்; பம்பாய் அவ்வளவையும் வாங்கவில்லை. எருமைப் பாலைப் பொடியாக்க இயலாதென்று அயல்நாட்டு நிபுணர் கூறினர். 1949இல் ஆனந்துக்கு வந்த குரியன், தம் நண்பர் தலாயாவின் திறமையை நம்பினார். தலாயா அதனைச் செய்து காட்டினார். யூனிசெப் இயந்திரம் உதவிற்று. 1955இல் தொழிற்சாலை திறக்கப்பட்டது. சங்கம் ஒன்பது ஆண்டுகள் நின்று காட்டிய பிறகே அந்தப் பெரிய ஆலை எழுந்தது என்பதை மானியத்துக்கு முதலில் மனு எழுதுவோர் நோக்குக.

ஒரு குறையும் உண்டு. மாட்டுக்குத் தீவனமிட்டுப் பால் கறந்து சங்கத்துக்குச் சுமந்து வருபவர் பெரும்பாலும் பெண்கள். உறுப்பினர் பெயரோ நெடுங்காலம் பெரும்பாலும் ஆடவருடையதாகவே இருந்தது. இதில் கெய்ராவைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. நாம் பார்வையிடும் நெசவாளர் சங்கங்களிலும் தார் சுற்றுபவர் பெண்களாயிருக்க, அங்கத்தினர் பதிவேட்டில் அவர்கள் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.