என் போனைக் கம்பெனி அழிக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் கள அதிகாரியாக வேலை பார்த்தேன். கம்பெனி போன் தரவில்லை. என் சொந்த ஆண்ட்ராய்டு போனில்தான் ஆபீஸ் மெயில், லோன் ஆப் எல்லாம். வேலையில் சேர்ந்த வாரமே ‘செக்யூரிட்டி ஆப்’ ஒன்றைப் போடச் சொன்னார்கள், போட்டேன். ஒரு படிவத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். போன மாதம் நோட்டீஸ் காலம் முடிந்தது. அந்த ஆப்பை எடுத்துவிடலாமா என்று முன்கூட்டியே மெயிலில் கேட்டேன். “ஐ.டி. டீம் பார்த்துக்கொள்ளும்” என்று ஹெச்.ஆர். பதில் போட்டார். கடைசி நாள் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ராத்திரி போன் தானாக அணைந்து, புதுப் போன் மாதிரி மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நின்றது. மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் எல்லாம் போய்விட்டன. கேட்டால், “நீங்கள்தானே அனுமதி கொடுத்தீர்கள்?” என்கிறார்கள். போதாக்குறைக்கு, வாடிக்கையாளர் ஆவணங்கள் என் வாட்ஸ்அப்பில் இருந்தனவாம். போனைக் கொண்டுவந்து காட்டினால்தான் சம்பள பாக்கியும் ரிலீவிங் ஆர்டரும் தருவார்களாம். போலீசில் புகார் கொடுக்கலாமா?

– வாசகி, ஈரோடு

பதில்: கொடுக்கலாம். ஆனால் உங்கள் விஷயத்தில் அது முதல் வாசல் அல்ல.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவிலிருந்து ஆரம்பிப்போம். கம்ப்யூட்டரின் உரிமையாளரோ அதன் பொறுப்பாளரோ அனுமதி தராமல் அதிலுள்ள தகவலை அழித்தால், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது அது. போன் எப்படிக் கம்ப்யூட்டர் ஆகும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்க முடியாது. செல்போனும் கம்ப்யூட்டரே என்று 2005-லேயே ஆந்திர உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர் நீங்கள், எனவே உரிமையாளரும் நீங்கள்தான். மிச்சம் இருப்பது ‘அனுமதி’. வழக்கு முழுக்க அந்த ஒன்றைச் சுற்றித்தான் நடக்கும்.

அந்த ஆப்பைப் போட்ட நாளில் திரையில் ஒரு பட்டியல் வந்திருக்கும். பழைய ‘டிவைஸ் அட்மின்’ முறை என்றால், எல்லாத் தரவையும் அழிக்கும் அதிகாரமும் அந்தப் பட்டியலில் இருக்கும். எல்லோரையும் போல நீங்களும் படிக்காமல் அழுத்தியிருப்பீர்கள். கம்பெனி அதைத்தான் காட்டும். கூடவே நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தையும் காட்டும். அந்தப் படிவத்தின் நகலை முதலில் கேட்டு வாங்குங்கள். ‘நிறுவனத் தரவை அழிக்கலாம்’ என்று மட்டும் இருந்தால் உங்கள் கை ஓங்கிவிட்டது. கம்பெனி மெயிலை அழிக்கத் தந்த அனுமதி, மகளின் படங்களை அழிக்கத் தந்த அனுமதி ஆகாது. ‘சாதனத்தை முழுமையாக அழிக்கலாம்’ என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் சிக்கல்தான். அப்போதும் வாதம் தீர்ந்துவிடவில்லை. போன் தொலைந்தால், திருடுபோனால் என்றுதான் பொதுவாக அந்த வாசகம் எழுதப்படுகிறது. கையிலேயே போனை வைத்துக்கொண்டு, முறையாக விலகிப் போகிறவருக்கு அது பொருந்துமா? தெளிவில்லாத வாசகத்தை, எழுதிய தரப்புக்கு எதிராகப் பொருள்கொள்வது ஒப்பந்தச் சட்டத்தில் பழைய வழக்கம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஹெச்.ஆரின் அந்த ஒற்றை வரி பதில். எடுக்கட்டுமா என்று நீங்கள் எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள். முழுப் போனும் அழியும், படங்களை வேறு இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்பு இருந்தது. சொல்லவில்லை. அந்த மெயில் எந்த முகவரியிலிருந்து போனது? ஆபீஸ் முகவரி என்றால் அது இப்போது உங்கள் கையில் இருக்காது. எனவே நோட்டீஸில் அதன் தேதியைக் குறிப்பிட்டு, அதைப் பாதுகாத்து வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இதே மாதிரி ஒரு வழக்கு அமெரிக்காவில், டெக்சாஸில் நடந்தது. 2013-இல் வேலையை விட்ட ஊழியரின் சொந்த ஐபோனைக் கம்பெனி தொலைவிலிருந்தே அழித்தது. அவர் மத்தியச் சட்டங்களின் கீழ் போட்ட வழக்கு 2014-இல் தள்ளுபடியானது. போனில் இருந்த சொந்தப் படங்கள் அவற்றில் ஒரு சட்டம் சொல்லும் ‘மின்னணுச் சேமிப்பு’ ஆகாது, இழப்பும் இன்னொரு சட்டம் சொல்லும் வகையில் இல்லை என்றது நீதிமன்றம். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் 43-ஆம் பிரிவின் வாசகம் அவற்றைவிட அகலமானது, ‘அழித்தல்’ என்று நேராகவே பேசுகிறது.

எங்கே போவது? 5 கோடி ரூபாய் வரையான கோரிக்கைகளை விசாரிக்கும் அதிகாரம் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலருக்கு இருக்கிறது. தீர்ப்பளிக்கும் அதிகாரி என்று அவரைச் சட்டம் அழைக்கிறது. சிவில் கோர்ட்டில் இந்தக் கோரிக்கையைப் போட முடியாது. கோட்டைக்குப் போய் எதுவும் நடக்காது என்று நினைத்துவிடாதீர்கள். 2010-இல் நம் தமிழ்நாட்டுச் செயலர்தான், ஃபிஷிங்கில் பணம் இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி ஒரு தனியார் வங்கிக்கு உத்தரவிட்டார். ஆனால் அது பணம் போன வழக்கு, தொகை எழுத்தில் இருந்தது. உங்களுடையதில் இழப்பு என்ன என்று கேட்பார்கள். குழந்தையின் படத்துக்கு விலை போடும் அளவுகோல் சட்டத்தில் இல்லை. 47-ஆம் பிரிவு பார்க்கச் சொல்வது அழித்தவர் பெற்ற ஆதாயம், ஏற்பட்ட நஷ்டம், அந்தச் செயல் திரும்பத் திரும்ப நடந்ததா என்பவற்றைத்தான். பெரிய தொகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

போலீஸ் புகார் என்றால் 66-ஆம் பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் நேர்மையற்ற அல்லது மோசடியான நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். விலகுகிறவர்களின் பட்டியலை எடுத்து ஐ.டி. பையன் வரிசையாக ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால், அது பொறுப்பின்மை. அதில் மோசடியைக் காட்டுவது கஷ்டம். உங்களைப் பழிவாங்கச் செய்தார்கள் என்பதற்கு ஏதாவது எழுத்தில் இருந்தால் மட்டும் சைபர் கிரைம் பக்கம் போகலாம்.

தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 பற்றிச் சிலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் அமலுக்கு வரும். வந்தாலும், அபராதம் அரசுக்குப் போகுமே தவிர உங்கள் கைக்கு வராது. வேலை தொடர்பான காரியங்களுக்காகவும், தன்னை நஷ்டத்திலிருந்து காத்துக்கொள்ளவும் முதலாளி ஊழியரின் தரவைப் பயன்படுத்தலாம் என்று 7-ஆம் பிரிவு வேறு விலக்கு தருகிறது. இப்போதைக்கு அதை மறந்துவிடலாம்.

சம்பள பாக்கி விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியம் தர வேண்டும். போனைக் காட்டினால்தான் தருவேன் என்ற நிபந்தனைக்கு அதில் இடமே இல்லை. தொழிலாளர் துறையில் தனியாக மனுக் கொடுங்கள், மற்ற வழக்கோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

போனைக் காட்டவும் தேவையில்லை. கம்பெனி என்பது போலீஸ் அல்ல, சோதனை போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. வேண்டுமானால் நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவு வாங்கட்டும்.

ஆனால் வாடிக்கையாளர் ஆவணம் பற்றி அவர்கள் சொல்வது சும்மா மிரட்டல் அல்ல. ஆதார் நகல், சம்பளச் சீட்டு, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் சொந்த வாட்ஸ்அப்பில் வாங்கி வைப்பது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். மேலாளரே “வாட்ஸ்அப்பில் போடுங்க” என்பார். நாளைக்கு நீங்கள் இழப்பீடு கேட்டால், அனுமதியில்லாமல் தகவலை நகலெடுத்தீர்கள் என்று அதே 43-ஆம் பிரிவை உங்கள் மேல் திருப்புவார்கள். மேலாளர் அப்படிக் கேட்டதற்கு ஆதாரமாக ஒரு குரூப் செய்தி இருந்தால் அதுவே உங்கள் கேடயம். அதுவும் போன வாட்ஸ்அப்பில்தானே இருந்தது என்கிறீர்களா? உடன் வேலை பார்த்தவர் போனில் இருக்கும். ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள்.

ஆதாரத்தின் முக்கியப் பகுதி உங்கள் போனில் இல்லை, அவர்கள் சர்வரில் இருக்கிறது. எந்த நேரத்தில், எந்த அட்மின் கணக்கிலிருந்து, முழு அழிப்பா அல்லது நிறுவனத் தரவு மட்டுமா என்ற கட்டளைப் பதிவு அங்கே இருக்கும். வக்கீல் நோட்டீஸில் முதல் வாக்கியமே அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்வதாக இருக்கட்டும். 2014-லேயே ஆண்ட்ராய்டில் ‘வொர்க் ப்ரொஃபைல்’ வந்துவிட்டது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அதில் ஆபீஸ் ஆப்கள் ஒரு குட்டிப் பெட்டி அடையாளத்தோடு தனியாக நிற்கும், கம்பெனி அந்தப் பகுதியை மட்டும் அழிக்கலாம், சொந்தப் படங்கள் அதன் கண்ணுக்கே தெரியாது. இவ்வளவு எளிய வழி இருந்தும் முழுப் போனையும் அழிக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்பதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

படங்களை மீட்டுத் தருகிறேன் என்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். இன்றைய போன்களில் எல்லாம் பூட்டிய நிலையில்தான் சேமிக்கப்படுகிறது, ரீசெட் ஆகும்போது சாவியே அழிந்துவிடுகிறது. கூகுள் போட்டோஸில் தேடிப் பாருங்கள். தெரியாமலே ஏறியிருக்கலாம். வாட்ஸ்அப்பின் பழைய பேக்கப் கூகுள் கணக்கில் இருக்கக்கூடும். அதை மீட்காமல் புதிதாக ஆரம்பித்தால், அடுத்த பேக்கப் பழையதன் மேல் எழுதிவிடும். எனவே இந்த வேலையை இன்றைக்கே செய்யுங்கள்.

ஒரு விஷயம் மட்டும். அந்த பேக்கப் திரும்ப வந்தால் மகளின் படங்களோடு வாடிக்கையாளர்களின் ஆதாரும் திரும்ப வரும். வந்த அன்றே நீங்களாக எதையும் அழிக்காதீர்கள், ஆதாரத்தை அழித்தாள் என்பார்கள். என்னென்ன ஆவணங்கள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அதைக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, 15 நாளுக்குள் ஆள் அனுப்பினால் உங்கள் வக்கீல் முன்னிலையில் அவற்றை மட்டும் ஒப்படைத்து நீக்குவதாகத் தெரிவியுங்கள். யாரும் வராவிட்டால், வக்கீல் சாட்சியாக நீக்கிவிட்டு அதற்கும் ஒரு கடிதம் போடுங்கள். தபால் ரசீதுகளைப் படிவ நகலோடு சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள்.