கிலோமீட்டர் சொல்லாத கணக்கு

கார் இன்ஜின் ஆயிலை எப்போது மாற்றுவது என்று கேட்டால், நம்ம ஊரில் எல்லாரும் மீட்டரைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். பெரும்பாலான கையேடுகளில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது என்றுதான் இருக்கிறது. அந்த 'ஒரு வருஷம்' யார் கண்ணிலும் படுவதில்லை.

நாம் ஓட்டுவதெல்லாம் பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் நடுவில்தான். இன்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிறோம். உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். அதனால் நான் 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதத்தில் மாற்றிவிடுவேன். "காசக் கரியாக்குதீங்க அத்தான்" என்பான் மச்சினன். சொல்லிக்கொள்ளட்டும்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஆறு மீனாட்சிபுரத்துக்குள் புகுந்தபோது, என் வண்டி சீட் மட்டத்துக்கு மூழ்கியது. ஆயில் மாற்றிய புதிது. தண்ணீர் வடிந்ததும் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்து, "சாவியைத் தொடக்கூடாது, கட்டி இழுத்துத்தான் போகணும்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். வந்த பையன் நான் உள்ளே போன நேரத்தில் ஸ்டார்ட் செய்துவிட்டான். 'டக்' என்று ஒரே சத்தம். "இப்பதான ஆயில் மாத்துனீங்க அண்ணாச்சி, ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன்" என்றான். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும் முதலில் சேற்றுத் தண்ணீர் கொட்டியது. பிறகுதான், பால் விட்ட காபி நிறத்தில் ஆயில் வந்தது. எல்லாம் வெள்ளத்தால் வந்த வினை என்று ஒர்க்‌ஷாப்காரர் இன்றும் சாதிக்கிறார். அடுத்த தெருவில் அதே ஆழத்தில் மூழ்கிய வண்டி, சாவியைத் திருப்பாததால் பிழைத்துக்கொண்டதே!

வண்டி மூழ்கினால் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். ஆயில், ஃபில்டர் இரண்டையும் மாற்றி, கொஞ்சம் ஓடியதும் மறுபடி ஒருமுறை மாற்றுங்கள். சாதாரண இன்சூரன்ஸ், தண்ணீர் புகுந்த இன்ஜினுக்குப் பெரும்பாலும் பணம் தராது. இன்ஜின் பாதுகாப்புக்குத் தனியாகக் கட்ட வேண்டும். என் ஏஜென்ட் அதைச் சொல்லவே இல்லை. பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்ற யாரையும் விடாதீர்கள், நாம் குடிப்பது அந்த ஆற்றுத் தண்ணீர்.

மாற்றிய தேதியைக் கிலோமீட்டரோடு சேர்த்து ஒரு சீட்டில் எழுதி பானெட்டுக்குள் ஒட்டிவையுங்கள். ஒர்க்‌ஷாப்பில் "இன்னும் ஓடலையே" என்றால், அந்தத் தேதியைக் காட்டி ஆயிலை மாற்றச் சொல்லுங்கள்.