கரண்ட் பில் தப்பா வந்தால்?

பில் கூடிவிட்டால் வீட்டில் முதலில் ஃபேனைத்தான் திட்டுவாங்க. அதுக்கு முன்னாடி மீட்டரைப் பாருங்கள். இந்த முறை எடுத்த எண்ணில் போன முறை எண்ணைக் கழித்தால் வருவதுதான் யூனிட். நாம் 2-ஆம் வகுப்பில் படித்த கழித்தல்தான்! 4680-ஐ 4860 என்று எழுதிவிட்டால் 180 யூனிட் கூடிவிடும். மீட்டர் பின்னால் ஓடாது. அதனால் இப்போது மீட்டரில் தெரியும் எண் பில்லில் உள்ளதைவிடக் குறைவு என்றால் பில் தப்பு.

இணைப்பு எண், தேதி, இரண்டு எண்கள் எல்லாம் எழுதி உதவிப் பொறியாளரிடம் மனு கொடுக்கணும். நகலில் முத்திரை வாங்காமல் வராதீங்க.

அதுக்குள்ள பியூஸைப் பிடுங்கிட்டால்? மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56-இல் வழி இருக்கிறது. கேட்ட தொகை, முந்தைய 6 மாதச் சராசரிப்படி வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதை ‘ஆட்சேபத்துடன்’ என்று எழுதிக் கட்டினால், வழக்கு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. மனுவுக்குப் பதில் வராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போகலாம்.