ஸ்பானிஷ் மொழி படிப்பது: நாம் கேள்விப்படுவதும் உண்மை நிலையும்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளும் உள்ள வீடுகளில் அந்நிய மொழிப் படிப்பு பற்றிய பேச்சு இப்போது அடிக்கடி வருகிறது. ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானிய மொழிகளோடு ஸ்பானிஷும் அதில் ஒன்று. "தொண்ணூறு நாளில் ஸ்பானிஷ், உடனே வேலை" என்ற நோட்டீஸைப் பார்த்துவிட்டு, நகையை அடகு வைத்தாவது பணம் கட்டிவிடலாமா என்று யோசிக்கிற பெற்றோர் இருக்கிறார்கள். "அது அவர்கள் மொழி, நம் பிள்ளைக்கு எதற்கு?" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிற பெரியவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பாருமே மொழியைப் பற்றிய தவறான எண்ணத்தை வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்கிறார்கள். படிக்கலாமா வேண்டாமா என்பது அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. அந்த முடிவு சரியான தகவலின் மேல் நிற்கட்டும் என்பதற்காகவே இந்தப் பாடம்.

முதலில் ஒரு சிறு விஷயம். ஸ்பானிஷ் என்றால் ஸ்பெயின் நாட்டு மொழி மட்டும் அல்ல. 20 நாடுகளில் அது ஆட்சி மொழி. மெக்சிகோ, கொலம்பியா, அர்ஜென்டினா, பெரு என்று அமெரிக்கக் கண்டத்தில்தான் அதைப் பேசுவோர் மிகுதி. ஆப்பிரிக்காவில் எக்குவடோரியல் கினியும் உண்டு. தாய்மொழியாகப் பேசுவோர் ஏறத்தாழ 50 கோடிப் பேர். அதிகம் பேர் இருப்பது மெக்சிகோவில். ஐ.நா. சபையின் ஆறு அலுவல் மொழிகளில் அரபியைப் போல ஸ்பானிஷும் ஒன்று. ஆனால் தென் அமெரிக்கா முழுவதும் ஸ்பானிஷ் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே மிகப் பெரிய நாடான பிரேசில் பேசுவது போர்ச்சுகீஸ்.

ஸ்பெயினில் பேசுவதுதான் சுத்தமான மொழி, மற்ற நாடுகளில் பேசுவது கொச்சை என்றும் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதுவும் சரியல்ல. யாழ்ப்பாணத் தமிழும் மதுரைத் தமிழும் வேறுபடுவது போன்ற வேறுபாடுதான் அது. காருக்கு ஸ்பெயினில் ‘கோச்சே’ என்பார்கள், மெக்சிகோவில் ‘கார்ரோ’, அர்ஜென்டினாவில் ‘அவுத்தோ’. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியும்.

தொண்ணூறு நாள் கணக்கு

ஸ்பானிஷ் மிக எளிது என்ற பேச்சுக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சி நிறுவனம் வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுவோர் எளிதாகக் கற்கும் மொழிகளின் வரிசையில் அவர்கள் ஸ்பானிஷை வைத்திருக்கிறார்கள். அரபிக்கு அவர்கள் ஒதுக்கும் காலம் 88 வாரம், ஸ்பானிஷுக்கு ஏறத்தாழ 30 வாரம். இதை மட்டும் கேட்டால் ஆசையாகத்தான் இருக்கும்.

அந்த 30 வாரத்தின் உள்ளே போய்ப் பாருங்கள். அது முழு நேரப் படிப்பு. வகுப்பு மட்டும் ஏறத்தாழ 750 மணி நேரம். வீட்டுப் பாடம் தனி. படிப்பவர் சம்பளம் வாங்கிக்கொண்டு வேறு வேலை இல்லாமல் படிக்கிற அதிகாரி. நம் பிள்ளை கல்லூரி முடிந்து வந்து தினம் ஒரு மணி நேரம் வீதம் தொண்ணூறு நாள் படித்தால் 90 மணி நேரம். எட்டில் ஒரு பங்குகூட இல்லை. தொண்ணூறு நாளில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளலாம், கடையில் விலை கேட்கலாம், வழி விசாரிக்கலாம். அது நல்ல தொடக்கம்தான். அதை வைத்து வாடிக்கையாளரிடம் போனில் பேசி ஒரு புகாரைத் தீர்த்துவைக்கிற வேலைக்குப் போக முடியாது.

மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகளாகப் பிரிப்பது ஐரோப்பிய வழக்கம். வேலைக்கென்று மொழி தெரிந்தவரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பி2 அளவாவது எதிர்பார்ப்பார்கள். தொண்ணூறு நாள் வகுப்பு ஏ1 படியில், மிஞ்சினால் ஏ2 படியில் நிற்கும். நோட்டீஸில் இந்த எழுத்தும் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக இருக்காது.

‘அவர்கள் மொழி’ என்பது பற்றி

இதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம், ஏனெனில் இதில் நமக்கே தெரியாத நம் சரித்திரம் இருக்கிறது.

711ஆம் ஆண்டு தாரிக் இப்னு ஸியாத் கடல் கடந்து இறங்கியதிலிருந்து 1492இல் கிரனடா வீழும் வரை, ஏறத்தாழ 780 ஆண்டுகள், இன்றைய ஸ்பெயினின் ஏதாவது ஒரு பகுதியில் முஸ்லிம் ஆட்சி இருந்தது. தொடக்கத்தில் பெரும் பகுதி, கடைசியில் கிரனடா மட்டும். அந்தலூஸ் என்று நாம் கேள்விப்படுவது அதைத்தான். அத்தனை காலம் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்ததால் அரபுச் சொற்கள் ஸ்பானிஷில் வேரூன்றிவிட்டன. சர்க்கரை ‘அசூகார்’, அரபியில் அஸ்ஸுக்கர். எண்ணெய் ‘அசெய்த்தே’, அரபியில் அஸ்ஸைத். பருத்தி ‘அல்கொதோன்’, அல்குத்ன். தலையணை ‘அல்மொஆதா’, அல்மிஃகத்தா. கொத்தனார் ‘அல்பஞில்’, அல்பன்னா. நகரத் தலைவர் ‘அல்கால்தே’. அது காஜியாரைக் குறித்த அல்காளி என்ற சொல்தான். சுங்கச் சாவடிக்கு ‘அதுவானா’ என்பது திவான் என்பதிலிருந்து வந்தது. ஜிப்ரால்டர் என்ற ஊர்ப் பெயர் ஜபல் தாரிக், அதாவது தாரிக்கின் மலை. குவாதல்கிவிர் என்ற ஆறு வாதி அல்கபீர்.

ஆரஞ்சுப் பழத்துக்கு ஸ்பானிஷில் ‘நராங்ஹா’. அரபியின் நாரஞ்சிலிருந்து வந்தது. அரபிக்கு அது பாரசீகம் வழியாக வந்தது. அதற்கும் முந்தைய வேர் நம் நாரத்தையின் இனமான திராவிடச் சொல் என்பது அறிஞர் பலரின் கருத்து. பெயர்ச்சொல்லோடு இது நிற்கவில்லை. ‘வரை’ என்று சொல்ல ஸ்பானிஷ்காரர் தினமும் பயன்படுத்தும் ‘அஸ்தா’ என்பது அரபியின் ‘ஹத்தா’. ஓதுகிற பிள்ளைக்கு அது தெரிந்த சொல். ‘அப்படி நடக்கட்டும்’ என்ற ஆசையைச் சொல்ல அவர்கள் ‘ஓஹலா’ என்கிறார்கள். அல்லாஹ் நாடினால் என்று பொருள்படும் அந்தலூஸ் அரபிச் சொற்றொடர்தான் அப்படித் தேய்ந்தது. பேசுகிறவருக்கே அது தெரியாது.

இதைக் கேட்டு மகிழ்ந்து, ஸ்பானிஷில் பாதி அரபி என்று மேடையில் பேசுகிறவர்களும் உண்டு. அதுவும் தவறே. ஸ்பானிஷ் லத்தீனின் பிள்ளை. அரபு வழிச் சொற்கள் ஏறத்தாழ 4000 என்பார்கள், அதுவும் கிளைச் சொற்களையெல்லாம் சேர்த்து. வினைச்சொல்லும் இலக்கணமும் லத்தீன் வழி வந்தவை. அரபி தெரிந்தால் ஸ்பானிஷ் தானாக வந்துவிடாது.

கிரனடா வீழ்ந்த பிறகு அங்கே தங்கிய முஸ்லிம்கள் மதம் மாற்றப்பட்டார்கள்; மொரிஸ்கோ என்று அழைக்கப்பட்டார்கள். 1567இல் கிரனடாவில் அரசர் இரண்டாம் பிலிப்பின் ஆணை அறிவிக்கப்பட்டது. மூன்றாண்டுக்குள் எல்லோரும் ஸ்பானிஷ் கற்க வேண்டும், அதன் பின் அரபியில் பேசவோ எழுதவோ கூடாது என்பது அதில் ஒரு விதி. நாட்டின் வேறு பகுதிகளில் பல தலைமுறைகளாக ஸ்பானிஷையே வீட்டு மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்கள் தங்கள் மார்க்க நூல்களையும் கதைகளையும் ஸ்பானிஷ் மொழியில், அரபு எழுத்தில் எழுதிவைத்தார்கள். அதற்கு ‘அல்ஹமியாதோ’ என்று பெயர். அல்அஜமிய்யா, அரபி அல்லாத மொழி என்பதே அந்தப் பெயரின் மூலம். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் என்று வைத்திருந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரே வழியை இரண்டு சமுதாயங்கள் உலகின் இரண்டு மூலைகளில் கண்டுபிடித்திருக்கின்றன.

1609 முதல் 1614 வரை மொரிஸ்கோக்கள், ஏறத்தாழ 3 லட்சம் பேர், நாடு கடத்தப்பட்டார்கள். 1884இல் அல்மொனாசித் என்ற சிற்றூரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, மறைத்துவைத்த அல்ஹமியாதோ கையெழுத்து நூல்கள் ஏராளமாக வெளிப்பட்டன. துனிசியாவில் போய்க் குடியேறியவர்களில் சிலர் அங்கும் ஸ்பானிஷிலேயே எழுதினார்கள். ஸ்பானிஷ் ‘அவர்கள் மொழி’ மட்டும் என்று சொல்லும் முன் இவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைக்கு எது எளிது, எது கடினம்

ஆங்கிலம் நன்றாக வந்தால்தான் ஸ்பானிஷ் வரும் என்பது இன்னொரு தவறான எண்ணம். பல இடங்களில் தமிழே கைகொடுக்கிறது. ‘எனக்குப் பிடிக்கும்’ என்று நாம் சொல்வதை ஆங்கிலம் ‘நான் விரும்புகிறேன்’ என்று திருப்பிப் போடும். ஸ்பானிஷ் நம்மைப் போலவே ‘மே கூஸ்தா’ என்கிறது. ‘மே’ என்றால் எனக்கு. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதும் அப்படியே. பேசுகிறேன் என்பதில் ‘ஏன்’ விகுதியே ‘நான்’ என்று சொல்லிவிடுகிறது அல்லவா? ‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேன், ‘ஆப்லாஸ்’ என்றால் பேசுகிறாய். ‘நான்’, ‘நீ’ தனியே வேண்டியதில்லை. நீ, நீங்கள் போல ‘தூ’, ‘உஸ்தேத்’ என்று மரியாதை வேறுபாடும் உண்டு. ஆங்கில வழியாக மட்டும் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் இவற்றையெல்லாம் கடினமான விதிகளாக ஆக்கிவிடுவார்.

உச்சரிப்பிலும் அப்படித்தான். ‘அது’ என்பதில் வரும் மெல்லிய ‘து’வும் ‘பந்து’ என்பதில் வரும் அழுத்தமான ‘து’வும் நமக்கு யோசிக்காமல் வருகின்றன. ஸ்பானிஷ் ‘நாதா’விலும் ‘தோந்தே’யிலும் அதே வேறுபாடு இருக்கிறது. மக்தபில் மக்ரஜ் பார்த்து ஓதிய பிள்ளைக்கு இன்னும் வசதி. ‘ஃகைர்’ என்பதன் முதல் எழுத்தைப் போன்ற ஒலி ஸ்பானிஷில் உண்டு. சில நாடுகளில் அது வெறும் ‘ஹ’வாக மெலியும். ஸவாப் என்பதன் முதல் எழுத்தான ‘ஸா’, நாக்கு நுனி பல்லுக்கிடையே வருவது, ஸ்பெயினின் பெரும்பகுதியில் உண்டு. (ஒரு ராஜாவுக்கு நாக்கு சரியில்லை, அவரைப் பார்த்து ஊரே அப்படிப் பேசியது என்று ஒரு கதை சொல்வார்கள். வெறும் கதை. அவர்கள் சாதாரண ‘ஸ’வையும் சரியாகவே சொல்கிறார்கள்.) ‘பெரோ’ என்றால் ஆனால், ‘பெர்ரோ’ என்றால் நாய், ஷத்து வைத்த ‘ரா’வை நினைத்துக்கொண்டால் தவறாது.

ஒரு எச்சரிக்கை. இங்கே சொற்களைத் தமிழில் எழுதியிருப்பது அடையாளத்துக்கு மட்டும். ‘இரண்டு’, ‘இருமல்’ இரண்டுமே தமிழில் எழுதினால் ‘தோஸ்’ என்றாகிவிடும். நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கிற பழக்கத்தை முதல் வாரத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. எல்லாப் பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. அரபியில் முதக்கர், முஅன்னஸ் படித்தவருக்கு அந்த எண்ணம் புதிதல்ல, ஆனால் அரபியின் பாலையே இங்கே வைக்க முடியாது. அரபியில் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால், ஸ்பானிஷில் நேர்மாறு. ‘அவர் டாக்டர்’ என்று நாம் வினையே இல்லாமல் சொல்லிவிடுவோம். ஸ்பானிஷில் ‘இருக்கிறார்’ வேண்டும், அதற்கு இரண்டு வினைகள் வேறு. ஒன்றைப் போட்டால் ‘அவர் சலிப்பூட்டுகிறவர்’, மற்றதைப் போட்டால் ‘அவருக்குச் சலிப்பாக இருக்கிறது’. இதில் ஆறு மாதம் தடுமாறாத மாணவர் குறைவு.

ஆங்கிலச் சாயலை நம்பினால் சில இடங்களில் மானமே போகும். ‘எம்பராஸாதா’ என்பதற்கு வெட்கப்படுகிறாள் என்று பொருளல்ல, கர்ப்பமாக இருக்கிறாள் என்று பொருள். ‘எக்ஸித்தோ’ என்றால் வெளியே போகும் வழி அல்ல, வெற்றி. ‘லிப்ரெரியா’ நூலகம் அல்ல, புத்தகக் கடை. ‘கார்பெத்தா’ கம்பளம் அல்ல, பேப்பர் வைக்கிற ஃபைல்.

பணம் கட்டும் முன்

வகுப்பு நடத்துகிற நிறுவனம் தரும் சான்றிதழே போதும் என்று நினைக்கிறார்கள். உலகம் முழுவதும் ஏற்கப்படுவது ‘டெலே’ தேர்வு. ஸ்பெயின் அரசின் கல்வி அமைச்சகத்தின் பெயரில் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்துகிறது. டெல்லியில் அதற்குக் கிளை உண்டு. டெலே சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. கணினி வழியே எழுதும் ‘சியெலே’ என்ற தேர்வும் உண்டு. அது ஐந்தாண்டுக்குச் செல்லும். தேர்வு மையங்களும் தேதிகளும் செர்வாந்தெஸ் இணையதளத்திலேயே கிடைக்கும், தரகர் தேவையில்லை. பட்டமாகவே படிக்க விரும்பினால் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் பி.ஏ. ஸ்பானிஷ் இருக்கிறது. இரண்டும் மத்தியப் பல்கலைக்கழகங்கள், கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு.

தனியார் வகுப்புதான் என்றால் மூன்று கேள்விகளை நேரில் கேளுங்கள். மொத்தம் எத்தனை மணி நேரம்? எந்தப் படியின் டெலே தேர்வுக்குத் தயார் செய்கிறீர்கள்? பாடம் நடத்துகிறவர் எந்தப் படி தேறியவர்? பதில் எழுத்தில் கிடைத்தால் ஏ1 படிக்கு மட்டும் பணம் கட்டுங்கள். பிள்ளை அதில் தேறி, மேலே படிக்க ஆசையும் இருந்தால் அடுத்த படிக்குக் கட்டலாம். எல்லாப் படிக்கும் சேர்த்து ஒரே தவணையில் கேட்டால், நகையைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வேறு இடம் விசாரியுங்கள்.