மலைக்கோட்டையும் மூன்று கரண்டிச் சர்க்கரையும்

எங்கள் கல்லூரிச் செய்முறை வகுப்பில் ஒரு நாள் முதலாண்டு மாணவன் ஒருவன் மயங்கி விழுந்தான். விசாரித்தபோது, எடையைக் குறைப்பதற்காகக் காலை உணவை விட்டுவிட்டுத் தினமும் திருச்சி மலைக்கோட்டை ஏறி வருவதாகச் சொன்னான். “ஒரு முறை ஏறினால் எவ்வளவு கொழுப்புக் கரையும், சார்?” என்றும் கேட்டான்.

மாணவர்களே, நாமும் கணக்கிட்டுப் பார்ப்போமா?

மலைக்கோட்டையின் உயரம் சுமார் 83 மீட்டர். மாணவனின் நிறை 70 கிலோகிராம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8. இம்மூன்றையும் பெருக்கினால் செய்த வேலை கிடைக்கும். அது ஏறத்தாழ 57,000 ஜூல். ஒரு கிலோ கலோரி என்பது சுமார் 4,200 ஜூல். எனவே வேலை 14 கிலோ கலோரிதான்!

ஆனால் நம் தசைகள், செலவிடும் ஆற்றலில் சுமார் கால் பங்கையே வேலையாக மாற்றுகின்றன. மீதி வெப்பமாகிறது. ஏறும்போது உடல் சூடாவது இதனால்தான். ஆகவே செலவு 14 × 4 = 56 கிலோ கலோரி.

ஒரு கிராம் சர்க்கரை தருவது 4 கிலோ கலோரி. அப்படியானால் மலையேறிய செலவை 14 கிராம், அதாவது சுமார் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை ஈடுசெய்துவிடும்!

உடலில் ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் சுமார் 7,700 கிலோ கலோரி சேமிப்பாக உள்ளது. அதைக் கரைக்க ஏறத்தாழ 140 முறை மலையேற வேண்டும். ஏறி இறங்கியதும் எடைப் பொறியில் எடை குறைந்து தெரிந்தால் மகிழ வேண்டாம். அது பெரும்பாலும் வியர்வையாகப் போன நீர். தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும்.

அப்படியானால் உடற்பயிற்சி வீணா? இல்லை. இதயமும் தசைகளும் வலுப்பெறுகின்றன. சிறு துளி பெருவெள்ளம் என்பது கலோரிக்கும் பொருந்தும். ஆனால் உடல் வெறும் இயந்திரமன்று. உணவு குறைந்தால் அது தன் செலவையும் ஓரளவு சுருக்கிக்கொள்ளும். ஆதலால் காகிதக் கணக்கைவிட எடை மெதுவாகவே குறையும்.

வளரும் வயதில் பட்டினி கிடப்பது தவறு. நாம் உறங்கும்போதும் இதயமும் மூளையும் ஆற்றலைச் செலவிடுகின்றன. காலை உணவை விடாதீர்கள். இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறையுங்கள். எடை மிகுதி என்று தோன்றினால் மருத்துவரைக் கேளுங்கள்.

அந்த மாணவன் இப்போதும் மலையேறுகிறான், இட்லி சாப்பிட்டுவிட்டு!

நீங்களும் செய்து பாருங்கள்: உங்கள் பள்ளி மாடிப்படி ஒன்றின் உயரத்தை அளந்து, படிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். ஒரு முறை மாடி ஏற எத்தனை கிராம் சர்க்கரை செலவாகும்?