காற்றுக்கும் ஒரு தெர்மாமீட்டர்!



'வெப்பநிலை ஏறினால் வாயு விரிவடையும். அடர்த்தி குறையும்' என்று இயற்பியலில் படிக்கிறோம். இதெல்லாம் மார்க்குக்குத்தான்னு நானும் நினைச்சேன். லீவில் கோயம்புத்தூரில் மாமாவின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது அந்த நினைப்பு மாறிவிட்டது.

மாமா தன் பழைய காரின் இன்ஜினில் சில மாற்றங்கள் செய்து, புது இன்ஜின் கம்ப்யூட்டர் வைத்து டியூன் செய்திருந்தார். காலையில் சூப்பராக ஓடும். மத்தியானம் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்தால் உதறும், நின்றுவிடும்.

லேப்டாப்பை மாட்டிப் பார்த்தோம். வெளியே 35 டிகிரி. இன்ஜினுக்குள் போகும் காற்று 72 டிகிரி என்று சென்சார் காட்டியது!

"காத்து அவ்வளவு சூடுங்களா மாமா?"

"காத்து இல்லடா மாப்ள. சென்சார் உக்காந்திருக்கிற இரும்புதான் சூடு."

அந்த சென்சாருக்குள் இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அதை வைத்துக் கம்ப்யூட்டர் வெப்பநிலையைக் கண்டுபிடிக்கும். பிறகு காற்றின் நிறையைக் கணக்கிட்டு, சுமார் 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல் என்ற அளவில் ஊற்றும்.

கணக்கைப் பாருங்கள்: 35 டிகிரி என்பது 308 கெல்வின். 72 டிகிரி என்பது 345 கெல்வின். 308-ஐ 345-ஆல் வகுத்தால் 0.89. அதாவது காற்று 11 சதவீதம் குறைவு என்று நம்பி, கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிட்டது. உள்ளே வந்ததோ அவ்வளவு சூடில்லாத காற்று. பெட்ரோல் பத்தவில்லை, அதான் உதறல்!

நான் ஒரு ஐடியா சொன்னேன்: "சென்சாரைக் கழட்டிட்டு ஒரு ரெசிஸ்டரை மாட்டி, எப்பவும் 35-ன்னு காட்ட வெச்சிடலாமுங்க!"

மாமா முறைத்தார். "நிஜமாவே காத்து சூடாகுற அன்னைக்கு என்ன பண்ணுவே? சூடுன்னு தெரிஞ்சாத்தான் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். தெரியலைன்னா இன்ஜின் 'நாக்' அடிக்கும். பிஸ்டனே ஓட்டையாயிடும்!"

அப்புறம் சென்சாரை இரும்பிலிருந்து எடுத்து, ஏர் ஃபில்டருக்கு அடுத்த பிளாஸ்டிக் குழாயில் பொருத்தினோம். பம்பர் பக்கமிருந்து வெளிக்காற்று வரும்படி குழாயை நீட்டினோம். கம்ப்யூட்டரில் வெப்பநிலைத் திருத்த அட்டவணையையும் மாமா சரிசெய்தார். மறுநாள் மத்தியானம் சென்சார் 41 காட்டியது. ஒரே ஸ்டார்ட்!

நண்பர்களே, அளவு தப்பாக வந்தால் அளவை மாற்றி எழுதாதீர்கள். அளக்கும் இடம் சரியா என்று பாருங்கள். நம்ம லேபுக்கும் இதேதான்!

செய்து பாருங்கள்: தெர்மிஸ்டரை மல்டிமீட்டரில் இணைத்து விரல்களால் பிடியுங்கள். ஓம் குறைவது தெரியும்.

– 11-ஆம் வகுப்பு மாணவன்