முறைப்பாடு கொடுத்த பிறகு

கேள்வி: கணவர் அடித்ததால் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன். சமாதானமாகப் போகச் சொல்கிறார்கள். இனி என்ன? (வாசகி, பேசாலை)

பதில்: தங்கச்சி, “குடும்பப் பிரச்சினைதானே” என்று சொல்வார்கள். இணங்கிப்போக வேண்டிய கட்டாயம் உங்களுக்கில்லை. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லி, வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பமிடுங்கள். காயமிருந்தால் தழும்பு மறையுமுன் மன்னார் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். எப்படிப் பட்டதென்று மறைக்காமல் சொல்லுங்கள்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பலருக்குத் தெரியாது. மன்னார் நீதவான் நீதிமன்றத்தில் நீங்களே பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உங்களுக்காகப் பொலிஸும் கேட்கலாம். அவசரமென்றால் நீதவான் உடனே இடைக்காலக் கட்டளை தருவார். விசாரணை 14 நாட்களுக்குள். கணவர் வீட்டுக்குள் வரக்கூடாதென்றும் தடுக்கலாம். பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். தண்டம் அற்பம்தான், சிறைக்குத்தான் பயப்படுவார்கள்.

இது விவாகரத்து வழக்கல்ல, பயப்படாதீர்கள். சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். மறுபடி கை ஓங்கினால் 119, ஆலோசனைக்கு 1938.